செப்பலினைத் திருப்பிக் கேட்காதீர்கள்

ராபர்ட் பிளாண்ட் மீது ராக் ரசிகர்கள் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான். லெட் செப்பலினை மறுபடியும் கூட்ட அவர் மறுத்துவிட்டார். கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் தயாராக இருந்தார். ஜான் பால் ஜோன்ஸ் தயாராக இருந்தார். இறந்துபோன டிரம்ஸ் கலைஞர் ஜான் போனமின் மகன் ஜேசன், அப்பாவின் இடத்தில் உட்காரத் தயாராக இருந்தார். பாடகர் மட்டும் முரண்டு பிடித்தார். 'வயசான காலத்துல அந்தாளுக்கு என்னடா திமிரு' என்று என் வயதுக்காரர்களே பேசுகிறார்கள். குழு முடிந்துபோனது 1980-இல். இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேரின் அப்பா அம்மாவுக்கே அப்போது கல்யாணம் ஆகியிருக்காது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாண்ட் செய்தது சரி. செப்பலினில் பாடிய 12 வருடங்களைவிட, அதற்குப் பிறகு அவர் தனியாக அலைந்த நாற்பது சொச்ச வருடங்கள்தான் அவரை முழுப் பாடகராக ஆக்கின. அந்த நாற்பது வருடங்களை 'பின்குறிப்பு' மாதிரி ஒதுக்கிவிட்டுப் பழைய குழுவைத் திருப்பிக் கேட்பது பாட்டின் மீதுள்ள காதலால் அல்ல. கேட்பவரின் சோம்பேறித்தனம் அது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1968-இல் குழு தொடங்கியபோது பிளாண்டுக்கு 20 வயது. 1980 செப்டம்பர் 25 அன்று போனம் இறந்தார். இருவரும் பதின்ம வயதிலிருந்தே நண்பர்கள், செப்பலினுக்கு முன்பே ஒரே குழுவில் இருந்தவர்கள். இருவருக்கும் அப்போது 32 வயது. அந்த டிசம்பரில், இனி தொடர முடியாது என்று மற்ற மூவரும் அறிவித்தார்கள். 32 வயதில் ஒரு மனிதனிடம் உலகமே வந்து 'உன் உச்சம் முடிஞ்சிருச்சு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு 32 ஆக இன்னும் நாலு வருடம் இருக்கிறது. யோசித்தாலே வயிற்றைப் பிசைகிறது.

அப்போது அவருக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. நாலு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாடியபடி ஊர் ஊராகப் போயிருக்கலாம். மைதானங்கள் நிறைந்திருக்கும். அவர் போகவில்லை. 1982-இல் 'பிக்சர்ஸ் அட் இலெவன்' வந்தது. பெரும்பாலான பாடல்களுக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஃபில் காலின்ஸ். தொடக்க காலத் தனிச்சுற்றுப் பயணங்களில் செப்பலின் பாடல் ஒன்றைக்கூட அவர் பாடவில்லை. காசு கொடுத்து வந்தவர்களுக்குக் கடுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பழைய பாட்டை வைத்துக்கொண்டு புதுக் காது உருவாக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தனியாகப் போன எல்லாமே தங்கம் என்று நான் சொல்லவில்லை. 1985-இல் வந்த 'ஷேக்கன் அண்ட் ஸ்டர்ட்' ஆல்பத்தை இன்றைக்கு முழுசாகக் கேட்கப் பொறுமை வேண்டும். எண்பதுகளின் சிந்தசைசர் நெடி தாங்கவில்லை. 1988-இல் 'நவ் அண்ட் சென்' ஆல்பத்தில் தன் பழைய குழுவின் துணுக்குகளையே வெட்டி ஒட்டினார். கேலியா சமரசமா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை. இருக்கட்டும். தேடுகிறவன் தடுக்கி விழுவான். ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவன் விழ மாட்டான்தான், அதற்காக அவனை நடக்கத் தெரிந்தவன் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் ரசிகர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மறுகூடல் நடக்கவே இல்லையா என்ன? 1985 ஜூலை 13, லைவ் எய்ட், பிலடெல்பியா. சரியான ஒத்திகை இல்லை, இரண்டு டிரம்ஸ் கலைஞர்கள், சுருதி சேராத கிட்டார். அந்த நிகழ்ச்சி பிற்பாடு டிவிடியாக வந்தபோது தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்களே அனுமதி தரவில்லை. 1988-இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் 40-ஆம் ஆண்டு விழாவில் மறுபடியும் கூடினார்கள். அதுவும் சொதப்பல். 1994-இல் பிளாண்டும் பேஜும் சேர்ந்தபோதுதான் உருப்படியாக ஏதோ நடந்தது. காரணம், அவர்கள் பழசை அப்படியே எடுத்து வைக்கவில்லை. மொராக்கோ போனார்கள், எகிப்திய வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள், 'காஷ்மீர்' பாட்டைக் கலைத்துப்போட்டு அடுக்கினார்கள். செப்பலின் என்ற பெயரையும் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு 2007. இந்த வருடத்தைத்தான் எல்லோரும் வாதத்துக்கு இழுப்பார்கள், நானும் இழுக்கிறேன். அந்த டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் செப்பலின் ஒரே ஓர் இரவு கூடியது. ஏறத்தாழ 20,000 இடங்கள். நுழைவுச்சீட்டுக்கு விண்ணப்பங்கள் 2 கோடிக்கு மேல் வந்ததாகச் சொன்னார்கள். கச்சேரி பிரமாதம், மறுக்கவில்லை. உலகச் சுற்றுப்பயணம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆனால் அதே அக்டோபரில் பிளாண்டின் இன்னோர் ஆல்பம் வந்திருந்தது. அமெரிக்காவின் புளூகிராஸ் பாடகியும் வயலின் கலைஞருமான ஆலிசன் கிராஸுடன் சேர்ந்து பாடிய 'ரெய்சிங் சேண்ட்'. 2008-இல் மைதானங்களை விட்டுவிட்டு அவர் கிராஸுடன் பாடப் போனார். பேஜும் ஜோன்ஸும் வேறு பாடகர்களை வைத்து ஒத்திகை பார்த்தார்கள், ஒன்றும் கூடி வரவில்லை. 2009-இல் 'ரெய்சிங் சேண்ட்' ஐந்து கிராமி விருதுகளை வாங்கியது, ஆண்டின் சிறந்த ஆல்பம் உட்பட.

விருதை வைத்து நான் வாதாடவில்லை. விருது வாங்கிய குப்பைகளும் உண்டு. நான் சொல்ல வருவது அந்த ஆல்பத்தில் உள்ள ஒரு பாட்டைப் பற்றி. 'பிளீஸ் ரீட் த லெட்டர்' 1998-இல் பேஜும் பிளாண்டும் சேர்ந்து வெளியிட்ட ஆல்பத்தில் ஏற்கனவே வந்த பாட்டு. அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒன்பது வருடம் கழித்து, கிராஸின் குரலும் வயலினும் பக்கத்தில் வர, அதே பாட்டு வேறொன்றாக மாறிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் ஒரு ராக் பாடகர் கிட்டாரோடு மோதுகிறார். இரண்டாவதில் ஒரு மனிதர் இன்னொருவரின் மூச்சுக்காகக் காத்திருக்கிறார். சேர்ந்திசையில் அடுத்தவர் எங்கே நிறுத்துவார், எங்கே எழுப்புவார் என்று தெரிந்தால்தான் வாயைத் திறக்க முடியும். செப்பலின் காலம் முழுக்க அவர் பெரும்பாலும் ஒற்றைக் குரல். 1971-இல் 'தி பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாட்டில் சாண்டி டெனி பாடியதைத் தவிர, அந்தக் குழுவின் ஆல்பங்களில் வெளிக்குரலே கிடையாது. அப்படிப்பட்டவர் 59 வயதில் உட்கார்ந்து, இன்னொருத்தருக்கு இடம்விட்டுப் பாடக் கற்றுக்கொண்டார். இதைவிட்டுவிட்டு மறுபடியும் மைதானத்தில் போய் அலறு என்று சொல்வது என்ன நியாயம்?

'ஆனா குரல் போயிருச்சே மச்சான், அதான் மெதுவா பாடுறாரு' என்பார்கள். எண்பதுகளின் மலாய் ராக் கபாக் கேட்டு வளர்ந்த அண்ணன்மாரிடம் இந்த வாதம் இன்னும் பலம். ராக் பாடகர் என்றால் நீள முடி, உச்சஸ்தாயி, அவ்வளவுதான் அவர்களுக்கு. நான் மின்பொறியாளன், எனக்குத் தெரிந்த மொழியில் பதில் சொல்கிறேன். எங்கள் வேலையில் 'டீரேட்டிங்' என்று ஒரு நடைமுறை உண்டு. சூடான இடத்தில் ஓடும் மோட்டாரையோ வயதான டிரான்ஸ்ஃபார்மரையோ பெயர்த்தகட்டில் போட்டிருக்கும் முழுச் சுமைக்கு ஏற்ற மாட்டோம். குறைத்து ஓட்டுவோம். பிடிவாதமாக முழுசாக ஏற்றினால் உள்ளே இன்சுலேஷன் வெந்துவிடும். இதை யாரும் அந்த இயந்திரத்துக்கு அவமானம் என்று நினைப்பதில்லை, பொருளைப் புரிந்துகொண்டவரின் வேலை என்றுதான் சொல்வோம். குரலும் பொருள்தான், சதைதான். 1973-இன் உயரத்தை 2008-இல் எட்டப் பார்த்துக் குரல் கிழிந்த எத்தனையோ பாடகர்களின் காணொளிகள் இருக்கின்றன. பிளாண்ட் உயரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நிறத்தைத் தேடினார். முணுமுணுப்பு, தயக்கம், மூச்சு, ஒரு சொல்லை முழுசாக முடிக்காமல் விடுவது. இதெல்லாம் 25 வயதுப் பிளாண்டிடம் இல்லாத செல்வங்கள்.

அடுத்தது எனக்கு இன்னும் முக்கியமானது. செப்பலினின் தொடக்கத்தில் ஒரு கறை உண்டு. அமெரிக்கக் கறுப்பின புளூஸ் கலைஞர்களிடமிருந்து எடுத்தார்கள், பெயர் போடவில்லை. 1969-இன் 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் வரிகள் வில்லி டிக்சன் எழுதிய பாட்டிலிருந்து வந்தவை. டிக்சன் 1985-இல் வழக்குப் போட்ட பிறகுதான், நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகி, அவர் பெயர் அதில் ஏறியது. வரிகளைப் பொறுத்தவரை எடுத்தவர் பாடகர்தான், அதை மழுப்ப வேண்டாம். இப்போது 'ரெய்சிங் சேண்ட்' பாடல்களை எழுதியவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஜீன் கிளார்க், டவுன்ஸ் வான் சாண்ட், டாம் வெய்ட்ஸ், ஆலன் டூசாண்ட். 2002-இன் 'டிரீம்லேண்ட்' ஆல்பத்தில் டிம் பக்லியின் பாட்டு. எடுத்துக்கொண்டவர், கடன் என்று சொல்லி வாங்கிப் பாடுகிறவராக மாறியிருக்கிறார். 2003-இல் மாலி நாட்டுக்குப் போய், திம்புக்டுவுக்கு அருகே எசகேன் பாலைவன இசைவிழாவில் பாடினார். 2005-இன் 'மைட்டி ரீஅரேஞ்சர்' ஆல்பத்தில் அந்த மணலின் சத்தம் கேட்கிறது. காம்பியாவின் ஜுல்தே கமாரா, ஒற்றைத் தந்தி வயலினான ரித்தியோடு அவர் குழுவில் சேர்ந்தார். மேடையில் அதே 'ஹோல் லாட்டா லவ்' நடுவில் அந்த ரித்தி ஏறும்போது, பாட்டு தன் பாட்டன் வீட்டுக்குத் திரும்பிப் போவது மாதிரி இருக்கும். பழைய குழு கூடியிருந்தால் இது நடந்திருக்குமா?

'அப்போ செப்பலின் பாட்டைப் பாடத்தானே செய்யிறாரு, பிறகு என்ன கொள்கை' என்று மடக்குவார்கள். பாடுகிறார். கிராஸோடு போன பயணத்தில் 'பிளாக் டாக்' பாட்டை பாஞ்சோ வைத்துப் பாடினார். அவர் அந்தப் பாடல்களை வெறுக்கவில்லை, பாடம் பண்ணி வைக்க மறுக்கிறார். செத்த புலிக்குள் வைக்கோல் அடைத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கும் புலிக்குட்டி வளர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

'பணக்காரன், அதனால மறுக்க முடியுது' என்பது கடைசி ஆயுதம். பாதி உண்மை. ராயல்டி வரும் மனிதருக்கு மறுப்பது சுலபம்தான். ஆனால் அவரைப் போலவே பணம் வைத்திருக்கும் எத்தனை பேர் மறுத்தார்கள்? வருடா வருடம் 'கடைசிப் பயணம்' அறிவிக்கும் குழுக்களை எண்ணிப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஒரு கதையும் உண்டு. 1972 பிப்ரவரியில் செப்பலின் சிங்கப்பூரில் பாடுவதாக இருந்தது. நீள முடி ஆண்களை அரசாங்கம் விரட்டிக்கொண்டிருந்த காலம். அனுமதி கிடைக்கவில்லை, கச்சேரி நடக்கவில்லை. உச்சத்தில் இருந்த குழு வாசலோடு திரும்பிப் போனது. 2013-இல் பிளாண்ட் சிங்கப்பூரில் பாடினார், பழைய குழு இல்லாமல், தன் புதிய ஆட்களோடு. அவரது மறுப்பைப் பற்றிப் புலம்பும் ரசிகர்கள் இந்த வட்டாரத்துக்கு உண்மையில் வந்து பாடியவர் எந்தப் பிளாண்ட் என்பதையாவது யோசிக்கலாம்.

இதை ஏன் ஓர் இலக்கியத் தளத்தில் எழுதுகிறேன்? நம் வாசகக் கூட்டங்களிலும் இதே குரலைக் கேட்கிறேன். ஓர் எழுத்தாளரின் ஐந்தாவது புத்தகம் வெளியாகிறது. யாரோ எழுந்து, 'நல்லாதான் இருக்கு, ஆனா முதல் தொகுப்பு மாதிரி வரல' என்கிறார். தலைகள் ஆடுகின்றன. அந்த ஐந்தாவது புத்தகத்தில் என்ன நடக்கிறது என்று பேச ஆள் இல்லை. முதல் தொகுப்பைப் படித்தபோது நமக்கு இருந்த வயதைத்தான் நாம் அவரிடம் திருப்பிக் கேட்கிறோம். அவரால் அதைத் தர முடியாது, அது அவரிடம் இல்லை. இங்கே எழுதுபவர்களே சொற்பம். அந்தச் சொற்பப் பேரும் கைதட்டலுக்குப் பயந்து முதல் புத்தகத்தையே ஐந்து முறை எழுதினால் நம் கையில் கடைசியில் மிஞ்சுவது ஒரு புத்தகம்தான்.

2025-இல், 77 வயதில், பிளாண்ட் 'சேவிங் கிரேஸ்' என்று ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். சூசி டியான் என்ற பாடகியோடு, வேல்ஸ் எல்லைப் பக்கத்து இசைக்கலைஞர்களோடு. சிறிய குழு, பழைய நாட்டுப்புறப் பாடல்கள், அடக்கமான வாசிப்பு. திமிர் பிடித்த மனிதர் என்றால் அட்டையில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு மைதானத்தைத்தான் கேட்டிருப்பார்.

செப்பலின் ஆல்பங்கள் எங்கேயும் ஓடிவிடவில்லை. இன்றிரவு வேண்டுமானாலும் கேட்கலாம், நானும் கேட்பேன். ஆனால் பிளாண்டைத் திட்டுவதற்கு முன்னால் மூன்று ஆல்பங்களை முழுசாகக் கேட்டுவிட்டு வாருங்கள்: 'டிரீம்லேண்ட்', 'மைட்டி ரீஅரேஞ்சர்', 'ரெய்சிங் சேண்ட்'. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான் ஆகும். அதன் பிறகும் கோபம் இருந்தால் வாருங்கள், சண்டை போடுவோம்.