எம்130 என்ன சாதி?

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா மகன் ஒரு படம் போட்டார். நம் ரத்தத்தில் எம்130 ஓடுகிறது, நாமே ஆதிகுடி, ஆகவே வெளியே பெண் கொடுக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. "மரபியலில் பிஎச்.டி. செய்கிற நீயே சொல்லு, சரிதானே?" என்று என்னையும் இழுத்துவிட்டார்.

சரியில்லை அண்ணே.

எம்130 என்பது ஒய் குரோமோசோமில் நேர்ந்த ஒரே ஒரு எழுத்து மாற்றம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இதைச் சுமப்பவர்களை ஹாப்லோகுழு சி என்கிறோம். மதுரைப் பக்கம் இது கிடைத்ததை ஸ்பென்சர் வெல்ஸ் ஆவணப்படமாகக் காட்டினார். சாதிப் பெருமை பேசுவோர் அங்கேயே படத்தை நிறுத்திக்கொண்டார்கள். இதே எம்130 ஆஸ்திரேலியத் தொல்குடிகளிடமும் மங்கோலியரிடமும் கசாக்கியரிடமும் இருக்கிறது. சாதி பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது அது. எம்130-ஐ வைத்துத்தான் சம்பந்தம் பேசுவதென்றால் மங்கோலியாவில் பெண் பார்க்க வேண்டும்.

இன்னொரு கணக்கு. பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1024 மூதாதையர் இடங்கள். ஒய் குரோமோசோம் காட்டுவது அதில் ஒருவரை. பெண்கள் ஒருவர்கூட அந்தக் கணக்கில் இல்லை.

'தூய ரத்தம்' என்பதும் பொய். பிரியா மூர்ஜானி, தங்கராஜ், டேவிட் ரெய்க் உள்ளிட்டோரின் 2013 ஆய்வின்படி, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அதன் பிறகுதான் கலப்பு அருகியது. கதவைச் சாத்தியது அகமணம். சாதியின் சாரமே அகமணம்தான் என்று அம்பேத்கர் 1916-லேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடுத்துரைத்தார். டிஎன்ஏ அதற்குப் பின்னால் வந்த சாட்சி.

அகமணத்தின் தடம் 'நிறுவனர் விளைவு'. சில மூதாதையரிடமிருந்து பெருகிய கூட்டம் தனக்குள்ளேயே மணந்துகொண்டால், அவர்களிடம் மறைந்திருந்த குறைபாடுகளும் சேர்ந்து பெருகும். 2017-இல் 260-க்கும் மேற்பட்ட தெற்காசியக் குழுக்களை ஆராய்ந்தபோது, 81 குழுக்களில் இந்த விளைவு பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிடக் கடுமையாக இருந்தது.

இதைச் சொன்னதும் சில முற்போக்குத் தோழர்கள், "அப்படியானால் நோய் வராமலிருக்கச் சாதி மறுப்பு மணம் செய்யலாம்" என்கிறார்கள். அந்த வாதமும் வேண்டாம். சாதிக்குள் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் நலமாக இருந்தாலும் சாதி அநீதிதான். ஒருவர் யாரை மணப்பது என்பது மரபணு ஆய்வகம் தீர்மானிக்க வேண்டியதல்ல.

மரபணுவில் தெரியும் இந்தச் சுவர் தானாக நிற்கவில்லை. 2016-இல் உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டிய அரிவாள் அந்தச் சுவரின் காவல்தான். குடும்பக் குழுவில் வந்து விழும் 'ஆதிகுடி' படம் அந்த அரிவாளுக்குச் சாணை பிடிக்கிறது.

அடுத்த முறை யாராவது டிஎன்ஏ பெருமையோடு வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள் தோழர்களே: மீதி 1023 பேர் யார்?

அண்ணன் இன்னும் பதில் போடவில்லை.