ஒலி உள்ளீட்டின் அளவை ஆளவேண்டியவர் யார்?

மொழியாய்வு, பள்ளிப் பாடம், நாட்டுப்பாடல் சேகரிப்பு ஆகிய எப்பணியாயினும் ஒலிப்பதிவில் இன்று கணிப்பொறிக்குப் பெரும் பங்கு உண்டு. பதிவு செய்வோர் நல்ல ஒலிவாங்கியைத் தேடிப் பெறுகின்றனர்; அதன் அளவை அமைக்கும் மென்பொருளின்மீது அத்துணைக் கவனம் செலுத்துவதில்லை. மென்பொருள் எழுதுவோரும் இதனை ஒரு சிறு வசதியாகவே எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் மாறவேண்டும் என்பதே எமது கருத்து.

ஒலிவாங்கி தரும் மின்னலை மிக நுண்ணியது. அது முதலில் பெருக்கப்பட்டு, அதன் பின்னரே எண்களாக மாற்றப்படுகிறது. 16 பிட் முறையில் இவ்வெண்கள் −32,768 முதல் 32,767 வரை அமையும். பெருக்கம் மிகுந்தால் அலையின் முகடுகள் இவ்வெல்லையில் மோதித் தட்டையாகிவிடும். பின்னர் ஒலியைக் குறைத்தாலும் வெட்டுண்ட பகுதி மீளாது. பெருக்கம் குறைந்தாலோ பேச்சு இரைச்சலோடு கலந்துவிடும். கணிப்பொறிகள் பலவற்றில் ‘பூஸ்ட்’ என்னும் அமைப்பு 10, 20, 30 டெசிபெல் எனப் படிப்படியாக உள்ளது. 20 டெசிபெல் கூட்டினால் அலையின் வீச்சு பத்து மடங்காகும். ஒரு நாள் உழைப்பைக் கெடுக்க இது போதும்.

திரையில் காணும் அளவுக்கோலும் எல்லாக் கருவிகளிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சிலவற்றில் அது எண்ணாக்கத்திற்கு முந்திய பெருக்கியையே திருப்புகிறது. வேறு சிலவற்றில் எண்ணாக்கத்திற்குப் பின் எண்களை மட்டும் கூட்டிக் குறைக்கிறது. அங்கே அளவைத் தாழ்த்துவதால் முகடுகள் வெட்டுண்பதைத் தடுக்க இயலாது. இவ்விரண்டில் எது நிகழ்கிறது என்பதை விண்டோஸ் அமைப்பிடம் மென்பொருளே கேட்டறிய வழியுண்டு. அவ்வாறு அறிந்து பயனருக்குத் தெரிவிப்பது நிரலாளரின் கடமையாகும்.

மற்றொரு சிக்கலும் உளது. 2007-ஆம் ஆண்டு பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஒலி அமைப்பு புதிதாக வகுக்கப்பட்டது. அதில் ஒலிவாங்கியின் அளவு கருவி முழுமைக்கும் பொதுவானது. ஒரு மென்பொருள் அதை மாற்றினால் அக்கருவியைப் பயன்படுத்தும் ஏனைய மென்பொருள்களும் பாதிக்கப்படும். முந்தைய நாள் காணொளிக் கூட்டத்தின்போது தானாகவே மாறிய அளவு, மறுநாள் பதிவில் பிழையாக வெளிப்படக்கூடும்.

தானியங்கு முறையே எளிய பயனருக்கு ஏற்றது என்பர் சிலர். உரையாடலைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. எதிரொலி நீக்கமும் இரைச்சல் குறைப்பும் இன்றேல் தொலைவிலுள்ளோர் உரையாடுதல் கடினமே. ஆயின் ஆய்வுப் பதிவின் தேவை வேறு. பேச்சின் இடைவெளியில் தானியங்கி அளவை உயர்த்தும்போது மின்விசிறியின் ஓசை மேலெழுகிறது. உரத்த சொல்லும் மெல்லிய சொல்லும் ஒரே தரமாக்கப்படுகின்றன. இரைச்சலென்று தவறாகக் கருதப்பட்டு மெல்லிய மெய்யொலிகள் மறைதலும் கூடும்.

இழப்பின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். அந்தமானில் போ மொழியைப் பேசிய இறுதி நபரான போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அவரது குரலை இனிப் பதிவுகளில் மட்டுமே கேட்க இயலும். அத்தகைய பதிவில் நேர்ந்த குறையை மறுமுறை பேசச் சொல்லித் திருத்திக்கொள்ள வழியேது?

ஆதலின் பதிவு மென்பொருள்கள் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். முதலாவது, பயனரின் இசைவின்றிக் கருவியின் பொது அளவை மாற்றலாகாது. இசைவுடன் மாற்றினும் பணி முடிந்ததும் பழைய நிலையிலேயே விடவேண்டும். இரண்டாவது, தானியங்கு அமைப்புகள் யாவும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், நிறுத்தத் தக்கவாறு இருத்தல் வேண்டும். மூன்றாவது, எந்த ஒலிவாங்கி, எந்த அளவு, எந்தத் தானியங்கி என்னும் விவரங்கள் பதிவுடன் சேர்த்தே எழுதப்பட வேண்டும். இவற்றுள் மூன்றாவதே தலையாயது. பிற்கால ஆய்வாளர் பதிவை மதிப்பிட அதுவே துணை.

இந்நெறிகள் பரவும்வரை களப்பணியாளரும் ஆசிரியரும் வாளாவிருத்தல் வேண்டா. பதிவுக்கு முன் தானியங்கு அமைப்புகளை நிறுத்துக. பேசுபவரை உரத்த குரலில் சில சொற்கள் கூறச் செய்து, அளவுமானியின் உச்சம் எல்லைக்குச் சுமார் 12 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைத்துக்கொள்க. ஒரு நிமிடம் பதிவு செய்து, செவிப்பொறியில் கேட்ட பின்னரே பணியைத் தொடங்குக. அமைப்பு விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க. மென்பொருள் வாங்கும் குழுவில் இடம்பெறும் ஆசிரியர்கள் மேற்கூறிய மூன்றையும் நிபந்தனையாகவே கேட்கலாம். பயன்படுத்துவோர் கேளாத வசதியை எழுதுவோர் அமைத்துத் தருதல் அரிது.