பன்னிரண்டு நாள் பிடிவாதம்

ஆடவர் டென்னிஸில் கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த படியில் இருப்பவை ஒன்பது மாஸ்டர்ஸ் 1000 போட்டிகள். இவற்றில் ஏழு இன்று பன்னிரண்டு நாள் நடக்கின்றன. இண்டியன் வெல்ஸும் மயாமியும் நெடுநாளாகவே நீண்டவை. மாட்ரிட், ரோம், ஷாங்காய் மூன்றும் 2023-இல் நீட்டப்பட்டன. 2025-இல் கனடாவும் சின்சினாட்டியும் அந்த வரிசையில் சேர்ந்தன. மான்டி கார்லோவும் பாரிஸும் மட்டுமே இன்னும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முடிகின்றன. 56 பேர் ஆடிய இடத்தில் 96 பேர். எட்டு நாள் வேலைக்குப் பன்னிரண்டு நாள். கடைசி இரண்டு நீட்டிப்புகளின் பலனை 2025 ஆகஸ்டில் எல்லாரும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகும் 2026 நாள்காட்டியில் நீட்டிப்பு கைவிடப்படவில்லை. இந்த முடிவு தவறானது. அதில் ஆடவர் டென்னிஸை நடத்தும் ஏ.டி.பி. நிர்வாகத்தார் காட்டும் பிடிவாதம் அதைவிடத் தவறானது.

அந்த ஆகஸ்டை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். விம்பிள்டன் இறுதிப்போட்டி ஜூலை 13 அன்று முடிந்தது. இரண்டே வாரத்தில், ஜூலை 27 அன்று, டொராண்டோவில் ஆட்டம் தொடங்கியது. யானிக் சின்னர், கார்லோஸ் அல்கராஸ், நோவாக் ஜோகோவிச், ஜாக் டிரேப்பர் ஆகிய முன்னணி ஆட்டக்காரர்கள் நால்வரும் அங்கே போகவே இல்லை. இறுதிப்போட்டி ஒரு வியாழக்கிழமை இரவில் நடந்தது. பென் ஷெல்டன் பட்டம் வென்ற அதே நாளில் சின்சினாட்டியில் அடுத்த மாஸ்டர்ஸ் தொடங்கிவிட்டது. ஒரு நாட்டில் கோப்பையைத் தூக்கும் வேளையில் இன்னொரு நாட்டில் முதல் சுற்று நடக்கிறது. இப்படி ஒரு அட்டவணையை யாரும் வற்புறுத்திப் போடச் சொல்லவில்லை. நிர்வாகத்தார் தாமாகவே போட்டுக்கொண்டது இது.

சின்சினாட்டி இறுதிப்போட்டி ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை பகல் வெயிலில் நடந்தது. முந்தைய நாளிலிருந்தே உடல்நலம் குன்றியிருந்த சின்னர் ஒரு கேம்கூட எடுக்காமல் 0–5 என்று பின்தங்கி, இருபத்து மூன்றாவது நிமிடத்தில் கைவிட்டார். சீட்டு வாங்கி வந்த கூட்டத்திடம் மன்னிப்பும் கேட்டார். மறுநாளே நியூயார்க்கில் யு.எஸ். ஓபன் கலப்பு இரட்டையர் ஆட்டங்கள் தொடங்கின. பட்டம் வென்ற அல்கராஸ் அங்கே போய் ஆடினார், சின்னர் விலகினார். அவருக்கு வந்த நோய்க்கு நாள்காட்டி காரணமென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நோய் வந்தால் ஒரு நாள் படுத்தெழுவதற்குக்கூட இடம் விடாத நாள்காட்டிக்கு அதை வகுத்தவர்களே பொறுப்பு.

நிர்வாகத்தாரின் முதன்மை வாதம் இதுதான்: போட்டி நீண்டால் ஆட்டங்களுக்கு இடையே ஒரு நாள் ஓய்வு கிடைக்கும், ஆகவே உடலுக்கு இது நல்லது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதம்தான் முழு விவகாரத்தின் மையப் புரட்டு. டென்னிஸில் களைப்பு என்பது ஒரே பொருள் அல்ல. அதில் குறைந்தது மூன்று அடுக்குகள் உண்டு. ஒவ்வொன்றும் ஆற எடுக்கும் காலம் வேறு.

முதல் அடுக்கு எரிபொருள். பெரும்பாலான புள்ளிகள் பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். அடுத்த சர்வீஸுக்கு 25 வினாடி, பக்கம் மாறும்போது 90 வினாடி என்று விதி இடைவெளி தருகிறது. அந்த இடைவெளியில் உடனடி ஆற்றல் ஓரளவு மீளும். ஆட்டம் மூன்று மணி நேரத்தை நெருங்கும்போது தசைகளில் சேமித்த கிளைகோஜன் கரைகிறது. மணிக்கு ஒரு லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரை வியர்வையும் அதோடு உப்பும் வெளியேறுகின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழிந்து நிற்கும், உடல் குளிராது. இந்த அடுக்கு மட்டும்தான் நல்ல சாப்பாட்டாலும் தண்ணீராலும் தூக்கத்தாலும் ஏறக்குறைய ஒரு நாளில் சரியாகும்.

இரண்டாவது அடுக்கு தசைநார். ஓடிவந்து சடாரென நின்று திசை மாறும்போது தொடைத்தசை சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. நுண்ணிய கிழிசல்கள் உண்டாவது அப்போதுதான். அந்த வலி மறுநாளிலும் அதற்கு மறுநாளிலும்தான் உச்சத்தைத் தொடும். அதாவது, ‘ஓய்வு நாள்’ முடிந்து மறுபடி களமிறங்கும் நாளில் தொடை மிக மோசமான நிலையில் இருக்கக்கூடும். மூன்றாவது அடுக்கு தசைநாண்களும் மூட்டுகளும்: குதிகால், முழங்கால், மணிக்கட்டு, முழங்கை, சர்வீஸ் போடும் தோள். இங்கே ரத்த ஓட்டம் குறைவு. சுமை மாதக்கணக்கில் சேரும், ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இந்த மூன்றாவது அடுக்குக்கு ஒற்றை ஓய்வு நாள் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த ஒற்றை நாளும் உண்மையில் ஓய்வாக இருப்பதில்லை. காலையில் ஒரு மணி நேரப் பயிற்சி, பிறகு பிசியோ மேசை, பிறகு விளம்பரதாரர் சந்திப்பு, மாலையில் அடுத்த எதிராளியின் ஆட்டத்தைப் பயிற்சியாளருடன் வீடியோவில் பார்ப்பது என்று அது கழிகிறது. இரவு மறுபடி அதே ஓட்டல் அறை. வீட்டுக்குப் போய் மட்டையைத் தொடாமல் இருக்கும் வாரம் வேறு. போட்டி நகரத்தில் ஆட்டமில்லாத நாள் வேறு. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதைக் கொடுத்ததைத்தான் நிர்வாகத்தார் சலுகை என்கிறார்கள்.

கணக்கு எளிது. ஐந்து போட்டிகளில் நான்கு நான்கு நாள் கூடியதால் ஆண்டுக்கு இருபது நாள், ஏறக்குறைய மூன்று வாரம், ஆட்டக்காரரின் கையைவிட்டுப் போயிற்று. முன்பு முதல் எட்டு இடங்களில் இருப்பவர் ஐந்து வெற்றியில் பட்டம் பெற்றார். இப்போது ஆறு தேவை. நான்கு கிராண்ட் ஸ்லாம்களும் ஏழு நீண்ட மாஸ்டர்ஸும் மட்டுமே இருபது வாரத்துக்கு மேல் விழுங்குகின்றன. இதற்கு மேல் 500 தரப் போட்டிகள், பருவ இறுதிப்போட்டி, டேவிஸ் கோப்பை. முன்னணி ஆட்டக்காரர்களுக்கு மான்டி கார்லோ நீங்கலாக எட்டு மாஸ்டர்ஸும் கட்டாயம். வராவிட்டால் தரவரிசையில் பூஜ்யம் விழும், ஊக்கத்தொகையும் குறையும். காயத்தோடு ஆடுவது இங்கே வீரம் அல்ல, விதி. கால அட்டவணை ஏதோ ஒரு வகையில் தங்களைக் கொன்றுவிடும் என்று அல்கராஸ் 2024 செப்டம்பரிலேயே சொன்னார். நீண்ட மாஸ்டர்ஸ் இழுவையாகிவிட்டது என்று சிட்சிபாஸும் அதே ஆண்டில் எழுதினார். அடுத்த ஆண்டே இன்னும் இரண்டு போட்டிகள் நீட்டப்பட்டன.

நீண்ட ஆட்டத்தின் மேல் பழி போடுவதும் நிர்வாகத்தாருக்கு வசதியாக இருக்கிறது. ஒரு நீண்ட ஆட்டத்தை உடல் தாங்கும். 2025 பிரெஞ்சு ஓபன் இறுதிப்போட்டியை அல்கராஸும் சின்னரும் 5 மணி 29 நிமிடம் ஆடினார்கள். கடைசிப் பந்து வரை வேகம் குறையவில்லை. உடல் தாங்காதது மீளும் காலம் கிடைக்காததைத்தான். 2010 விம்பிள்டனில் ஜான் இஸ்னர் மூன்று நாளில் 11 மணி 5 நிமிடம் ஆடி நிக்கோலா மஹூவை வென்றார். அந்த ஆட்டத்தில் அவர் அடித்த ஏஸ்கள் 113. மறுநாளே அடுத்த சுற்று. 6–0, 6–3, 6–2 என்று 74 நிமிடத்தில் தோற்றார். அன்று அவரிடமிருந்து ஒரு ஏஸ்கூட வரவில்லை.

96 பேர் ஆடுவதால் தரவரிசையில் பின்னால் இருப்பவர்களுக்கு வருமானம் கிடைக்கிறது என்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் வயிற்றைக் காட்டி அரங்க உரிமையாளர்கள் கூடுதலாக நான்கு நாள் சீட்டும் ஒளிபரப்பும் விற்பதை ஏழைப் பாசம் என்று அழைக்க முடியாது. ‘ஆட்டக்காரர்களே ரியாத்துக்குப் போய்க் காட்சிப் போட்டி ஆடுகிறார்களே’ என்ற குத்தலும் உண்டு. அறுபது லட்சம் டாலருக்காக அதிகபட்சம் மூன்று ஆட்டம் ஆடிவிட்டு ஓய்வைப் பற்றிப் பேசுவது அழகல்லதான். எனினும் அது அவரவர் விருப்பம். இங்கே பேச்சு கட்டாயத்தைப் பற்றியது.

இதே நிர்வாகத்தார் ஒரு காலத்தில் உடலின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். 2006 மே மாதம் ரோம் இறுதிப்போட்டியில் நடாலும் ஃபெடரரும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஐந்து செட் ஆடினார்கள். அடுத்த நாளே தொடங்கவிருந்த ஹாம்பர்க் மாஸ்டர்ஸிலிருந்து இருவரும் விலகினார்கள். அடுத்த ஆண்டே மாஸ்டர்ஸ் இறுதிப்போட்டிகள் மூன்று செட்டாகக் குறைக்கப்பட்டன. 2012-இல் பருவமே இரண்டு வாரம் சுருக்கப்பட்டது. அன்று கொடுத்ததைத்தான் இன்று வட்டியோடு திரும்ப வசூலிக்கிறார்கள்.

அதன் பிறகான வரலாறு தவறுகளின் பட்டியல். 2019 நவம்பரில் டேவிஸ் கோப்பை முடிந்து ஆறு வாரத்தில், 2020 ஜனவரியில், இன்னொரு நாட்டணிப் போட்டியை ஏ.டி.பி. கோப்பை என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். மூன்றே ஆண்டில் கடையைக் கட்டினார்கள். 2022 பிப்ரவரியில் அகபுல்கோவில் ஸ்வெரேவ், புரூக்ஸ்பி ஆட்டம் விடியற்காலை 4.55 மணிக்கு முடிந்தது. அப்போதும் யாரும் விழிக்கவில்லை. 2023 நவம்பரில் பாரிஸில் சின்னரின் ஆட்டம் இரவு 2.37-க்கு முடிந்தது. அன்று மாலை 5 மணிக்கே அடுத்த ஆட்டம் என்றார்கள். அவர் விலகினார். அதற்கும் பிறகு, 2024 ஜனவரியில்தான், இரவு 11 மணிக்கு மேல் ஆட்டம் தொடங்கக்கூடாது என்ற விதி பிறந்தது. வாரத்துக்கு வாரம் மாறும் பந்துகள் மணிக்கட்டையும் முழங்கையையும் கெடுக்கின்றன என்று ஆட்டக்காரர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகே பந்துகளை ஒழுங்குபடுத்த முனைந்தார்கள்.

வெப்ப விதி இந்த அலட்சியத்தின் உச்சம். மகளிர் டென்னிஸில் 1992 முதலே வெப்ப விதி இருக்கிறது. ஆடவர் பக்கம் அப்படியொரு விதி எழுத 2025 அக்டோபரில் நடந்த ஷாங்காய் போட்டி தேவைப்பட்டது. அங்கே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டியது. ஜோகோவிச் களத்திலேயே வாந்தி எடுத்தார். ஆட்டக்காரர் ஒருவர் களத்தில் சாக வேண்டுமா என்று ஹோல்கர் ரூனே அதிகாரிகளை நேருக்கு நேர் கேட்டார். பெய்ஜிங்கில் புதன்கிழமை பட்டம் வென்று வந்த சின்னர், ஞாயிறு இரவு கிரீக்ஸ்பூருக்கு எதிரான மூன்றாவது செட்டில் தொடைத் தசைப்பிடிப்பால் கால் ஊன்ற முடியாமல் நின்றார். மட்டையைக் கைத்தடியாக ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நாற்காலிக்கு வந்தார். பிறகு அவரால் ஆட முடியவில்லை. பத்து நிமிடக் குளிர்வு இடைவேளையும் ஆட்ட நிறுத்தமும் 2026 முதல் உண்டு என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருந்த விதியைப் பார்த்து எழுத இத்தனை காலம்!

அதே அக்டோபரில், ஷாங்காய் முடிந்து ஒரு வாரத்துக்குள், ஸ்டாக்ஹோம் அரையிறுதியில் ரூனேயின் குதிகால் தசைநாண் அறுந்தது. அவருக்கு வயது இருபத்திரண்டு. ஒரு காயத்துக்கு ஒரே காரணம் சொல்வது மருத்துவத்தில் எளிதல்ல. ஆனால் அடுத்த சில நாட்களில் நிர்வாகத்தார் அறிவித்தது என்ன என்பதில் குழப்பமே இல்லை. சவூதி அரேபியாவில் பத்தாவது மாஸ்டர்ஸ் 1000, 2028-இலேயே தொடங்கலாம். கட்டாயம் அல்ல, ஒரு வாரம்தான் என்று சமாதானம் வேறு. ஒன்பதைச் சுமக்க முடியவில்லை என்று சொன்னவர்களுக்குப் பத்தாவதைக் கொடுப்பவர்கள், சொன்னது காதில் விழவில்லை என்று இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது. விழுந்தது, பொருட்படுத்தவில்லை.

நீட்டிய நாட்களைச் சுருக்க வேண்டும். பருவத்தின் நடுவே மட்டையைக் கீழே வைக்கும் வாரங்கள் மறுபடி வர வேண்டும். எந்தப் போட்டியை எத்தனை நாளாக்குவது, 96 பேரின் வருமானத்தை எப்படிக் காப்பது என்பதையெல்லாம் ஆட்டக்காரர்களை எதிரில் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யலாம். வழி இல்லாமல் இல்லை. 2006-க்குப் பின் ஓராண்டுக்குள் வழி கிடைத்தது. உரிமையாளர்களின் அரங்க நாட்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு மிச்சம் இருப்பதை உடலுக்கு ஒதுக்கும் முறையை முதலில் கைவிட வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள், ஆட்டக்காரர்களின் நலனுக்காகத்தான் போட்டிகளை நீட்டினோம் என்று சொல்வதையாவது நிறுத்த வேண்டும்.