வருகிறவர்கள் வரட்டும், வாடகை ஏற வேண்டாம்!

ஆபீஸ் பெங்களூரில். ஆள் மதுக்கரையில்!

இப்படியும் ஒரு உத்தியோகமா என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக் கொண்டு ஊருக்கு வந்தார்கள். வீட்டுத் திண்ணையே ஆபீஸ் ஆயிற்று.

ஊரடங்கு போய் விட்டது. பல கம்பெனிகள் ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டு விட்டன. ஆனாலும், வீட்டில் இருந்தே வேலை என்பது அடியோடு ஒழிந்து விடவில்லை.

இப்படிப்பட்டவர்கள் தேடுவது என்ன? வாடகை குறைவாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி, ரயில், விமானம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். கூட்டம், நெரிசல் கூடாது.

மதுக்கரை அதற்கு ஏற்ற ஊர். கோவை பக்கத்திலேயே இருக்கிறது. எட்டிமடை, திருமலையம்பாளையம், ஒத்தக்கால்மண்டபம், ஈச்சனாரி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லூரி. 2021-ல் நகராட்சியும் ஆகி விட்டது.

வரட்டும். நன்றாக வரட்டும். மளிகைக் கடைக்கும் மெஸ்ஸுக்கும் வியாபாரம் நடக்கும். வயதான அப்பா, அம்மாவுக்குப் பக்கத்தில் பிள்ளை இருப்பான். நல்லதுதானே?

நல்லதுதான். ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது.

ஆலை வந்தபோது...

மதுக்கரைக்கு வெளியூர்க்காரர் வருவது புதிது அல்ல. 1934-ல் சிமெண்ட் ஆலை வந்தது. அதோடு வெளியூர் ஆட்களும் வந்தார்கள். ஆலை அவர்களுக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தது. சம்பளம் கொடுத்தவனே வீடும் கொடுத்தான்.

இப்போது வருகிறவரின் கம்பெனி இங்கே ஒரு செங்கல் கூட வைக்காது. அவருக்கு வேண்டிய வீடு, ஊரில் இருக்கிற வீடுகளில் இருந்துதான் போக வேண்டும்.

அந்த வீட்டை வேறு யார் தேடுகிறார்கள்? ஆலையில் காண்டிராக்ட் வேலை பார்ப்பவர். குறிச்சி சிட்கோவுக்குப் போகும் லேத் தொழிலாளி. தனியார் கல்லூரி வாத்தியார். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வீட்டில் தங்கிப் படிக்கும் பையன்கள்.

"ஏனுங்க, பெங்களூர்ச் சம்பளமுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். "ஆமாங்க" என்று சொன்னால் போதும். வாடகை அந்த நிமிஷமே ஏறி விடுகிறது!

பெங்களூரில் 10 மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்துப் பழகியவருக்கு இது பெரிதாகத் தெரியாது. "இவ்வளவுதானா!" என்று கொடுத்து விடுவார். அதையே அடுத்த வீட்டுக்காரரும் கேட்பார். பத்து வருஷமாகக் குடியிருக்கும் லேத் தொழிலாளி எங்கே போவான்?

மலிவான ஊர் என்று நம்பி வந்தவர்களாலேயே, ஊரில் மலிவு காணாமல் போய் விடக் கூடாது.

சட்டம் இருக்கிறது!

தமிழக அரசின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு செய்ய வேண்டும். வேறு விதமாக எழுதிக் கொள்ளாவிட்டால், குடியிருக்கும் வீட்டுக்கு 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் சொல்லாத உயர்வை இடையில் கேட்கக் கூடாது.

வாய்ப்பேச்சில் குடி வைத்தால் இந்தப் பாதுகாப்பு கைக்கு வருமா? ஆகவே, எழுதிக் கொள்ளுங்கள். புதிதாக வருகிறவரும், கேட்டதைக் கொடுக்காமல், ஊர் வாடகையை விசாரித்துக் கொடுக்க வேண்டும்.

கரண்ட் போனால்?

வருகிறவருக்கும் கஷ்டம் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால், மாலையில்தான் வருகிறது. அன்றைக்கு அவர் பிழைப்பு என்ன ஆவது? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை கதியும் அதுதான்.

இதற்கு வழி இருக்கிறது. சென்னை கொளத்தூரில் 2024-ல் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். ஒரு பக்கம் படிக்க இடம். இன்னொரு பக்கம் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து வேலை பார்க்க இடம். அப்படி ஒன்று மதுக்கரைக்கு வேண்டும். ஜெனரேட்டரோடு வேண்டும்!

அமெரிக்காவில் துல்சா என்ற ஊர் இருக்கிறது. "எங்கள் ஊரில் குடியேறி, வீட்டில் இருந்தே வேலை பாருங்கள்" என்று, வருகிறவருக்கு 10 ஆயிரம் டாலர் கொடுக்கும் திட்டம் 2018-ல் அங்கே தொடங்கியது. நாம் காசு கொடுக்க வேண்டாம். உட்கார ஒரு நாற்காலியும், போகாத கரண்டும் கொடுத்தால் போதும்.

மனை வாங்கும் முன்...

இன்று வாடகைக்கு வருகிறவர், நாளை மனை கேட்பார். மலையடிவாரத்தில் மனை போட ஆள் ரெடியாக இருக்கும்.

அங்கே ஏற்கனவே குடியிருப்பது யானை!

'மதுக்கரை மகாராஜ்' என்று ஒரு யானை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? 2016 ஜூனில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, டாப்சிலிப் பக்கம் கொண்டு போனார்கள். இரண்டொரு நாளில் செத்துப் போனது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி 3 யானைகள் செத்தன. 2024 பிப்ரவரியில் தண்டவாளம் ஓரமாக 12 கோபுரங்களில் கேமரா வைத்து, யானை வந்தால் எச்சரிக்கும் ஏற்பாடு தொடங்கியது.

ரயிலை நிறுத்த கேமரா வந்து விட்டது. மனை போடுகிறவரை நிறுத்த எது வரும்? அனுமதி கொடுக்கும் அதிகாரிகள்தான் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மனை வாங்குகிறவரும் யானை வழியா, வனத்தை ஒட்டிய இடமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வீட்டுக்காரர்களே, நியாயமான வாடகை கேளுங்கள். வருகிறவர்களே, ஊரோடு ஒட்டி வாழுங்கள். நகராட்சியே, இப்போதே தயாராகு!

வந்தாரை வாழ வைப்போம். இருப்பவரையும் வாழ விடுவோம்!