கையெழுத்து மட்டும் போதுமா?

போன புரட்டாசியில வேளாண் கல்லூரிப் பிள்ளைங்க ஆறு பேர் எங்க ஊர்ல வந்து தங்கினாங்க. பி.எஸ்சி. விவசாயம், நாலாவது வருஷம். ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டம்னு பேரு. விவசாயியோட இருந்து வேலை பழகணும், அதுக்கு மார்க் உண்டு. ஒரு செமஸ்டரே இதுக்குத்தான், 20 கிரெடிட்னு சொன்னாங்க.

பேப்பர்ல படம் பார்த்திருப்பீங்க. தரையில கலர்பொடியில ஊர் வரைபடம், சூடோமோனாஸ் விதைநேர்த்தி, மஞ்சள் ஒட்டும் பொறி, உப்புத் தண்ணியில முட்டையை மிதக்கவிட்டு விதைநெல் பிரிக்கிறது. நல்ல விஷயம்தான். (முட்டைக் கணக்கை மட்டும் என் வீட்டுக்காரம்மா இன்னும் மறக்கல.)

என் வருத்தம் வேற. அவங்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா போட்டோ, மார்க். எங்ககிட்ட கத்துக்கிட்டா அதை எழுத நோட்டுல இடமில்ல.

அந்தச் சமயம் குறுவை அறுவடை. நெல்லைக் கொள்முதல் நிலையத்துல கொட்டி வச்சிருந்தேன், ராத்திரி மழை பிடிச்சுக்கிச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா எடுக்க மாட்டாங்க. என் நெல்லு 20 காட்டுச்சு. ரோட்டுல பரப்பினோம். ஆறு பேர்ல ஒரு பொண்ணு ரெண்டு நாளும் கூடவே நின்னுச்சு. காலால கிளறிவிடும், தூறல் விழுந்தா தார்ப்பாயை இழுக்கும். மூணாம் நாள் 40 கிலோ சிப்பமா எடை போட்டப்ப, "ஐயா, பரீட்சைக்கு இந்த 17-ஐ மனப்பாடம் பண்ணியிருக்கேன்"னு சொல்லிச் சிரிச்சுது.

அந்த ரெண்டு நாள் நடந்த செயல்விளக்கப் போட்டோவுல அது இல்ல. பார்வையிட வந்த ஆசிரியர் ஏன்னு கேட்டார். நெல்லு காயவச்சேன்னு சொல்லுச்சு. நல்ல மனுஷன்தான், ஆனா அதை எந்தத் தலைப்புல சேர்க்கிறதுன்னு அவருக்கும் தெரியல.

மார்க்கே வேணாம்னு நான் சொல்லல. மார்க் இல்லாட்டி யாரு வருவா? தங்கியிருக்கிற வீட்டு விவசாயியோட வரவு செலவை எழுதச் சொல்லுங்க. உழவுக்கு எவ்வளவு, அறுப்பு மெஷினுக்கு மணிக்கு எவ்வளவு, கடைசியில கையில நின்னது எவ்வளவு. நாளைக்கு இதே பிள்ளைங்கதான் அதிகாரியா வந்து எங்களுக்கு யோசனை சொல்லப் போறாங்க. கூடவே, நூத்துக்கு பத்து மார்க்காவது எங்க கையில விடுங்க. எந்தப் பிள்ளை சேத்துல இறங்குச்சு, எது வரப்புலயே நின்னுச்சுன்னு எங்களுக்குத்தானே தெரியும்?

கடைசி நாள் ஆறு நோட்டுலயும் கையெழுத்து வாங்கினாங்க. அந்தப் பொண்ணோட நோட்டுல மட்டும் ஓரத்துல 'நெல் காயவைத்தது, 2 நாள்'னு எழுதிவிட்டேன். அடிச்சுட்டாங்களா, விட்டு வச்சாங்களான்னு தெரியல.