வம்சமா, சீட்டா?

பிரவுசரில் 3டி படம் காட்ட வேண்டுமென்றால் பலரும் எடுப்பது த்ரீ.ஜேஎஸ். ரிக்கார்டோ கபெல்லோ 2010-ல் வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. அதன் உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் ஒரு இடத்தில் முகம் சுளிப்பதுண்டு. ஒரு பொருள் 'மெஷ்' தானா என்று கேட்க மொழியிலேயே 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு பொருளிலும் 'இஸ்மெஷ்: ட்ரூ' என்று சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். அழகாக இல்லை தான். ஆனால் அது தான் சரி.

இன்ஸ்டன்ஸ்ஆஃப் பார்ப்பது வம்சத்தை. ஸ்கின்டுமெஷ்ஷுக்கு அப்பா மெஷ், அதற்கு அப்பா ஆப்ஜெக்ட்3டி என்று மேலே ஏறிப் போகும். லைப்ரரி ஒரே பிரதியாக இருக்கும் வரை பிசகாது. ஏதோ ஒரு ப்ளக்-இன் தனக்கென்று இன்னொரு பிரதியை இழுத்து வந்தால் போச்சு. இப்போது மெஷ் இரண்டு. செல்லூர் வாக்காளரின் பெயரைத் தல்லாகுளம் பூத் லிஸ்டில் தேடுகிற கதை. ஆள் நிஜம், பெயரும் நிஜம், இந்த லிஸ்டில் தான் இல்லை. பதில் 'ஃபால்ஸ்'. எர்ரர் வராது, படமும் வராது. நாளைக்கு ப்ராஜெக்ட் காட்ட வேண்டிய மாணவன் விடிய விடிய முழித்துக் கொண்டிருப்பான்.

இது பழைய வியாதி. வேறு ஐஃப்ரேமிலிருந்து வந்த அர்ரேயை இன்ஸ்டன்ஸ்ஆஃப் அர்ரே இல்லை என்று சொல்லிவிடும். அதனால் தான் 2009-ல் மொழியிலேயே 'அர்ரே.இஸ்அர்ரே' சேர்த்தார்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. வம்சம் கேட்க வேண்டுமென்றால் அந்தக் கிளாஸையே இம்போர்ட் செய்ய வேண்டும். ஒரு ஃபைல் இன்னொன்றைக் கூப்பிட, அது திரும்ப இதைக் கூப்பிட, ஒரே சுற்று. சீட்டைப் படிக்க எதையும் கூப்பிட வேண்டாம். 2016 வாக்கில் த்ரீ.ஜேஎஸ் சீட்டுக்கு மாறியபோது இதுவும் ஒரு காரணம். பிறகு 2020-21-ல் லைப்ரரி புதிய கிளாஸ் முறைக்குப் போனது. மெஷ்ஷைப் பழைய முறையில் வாரிசாக்கியிருந்த கோடுகள் 'நியூ இல்லாமல் கூப்பிடக் கூடாது' என்று உடைந்தன. சீட்டைப் படித்த வரிகள் அப்படியே ஓடின.

போலிச் சீட்டு ஒட்டலாமே என்று கேட்கலாம். ஒட்டலாம். ஆனால் ரெண்டரர் அதன் ஜியோமெட்ரியைத் தேடும், கிடைக்காது, உடனே சிவப்பு எழுத்தில் எர்ரர் வரும். கத்துகிற தப்பை அரை மணி நேரத்தில் பிடித்துவிடலாம். கத்தாத தப்பு தான் ராத்திரியைத் தின்னும் :)

அதனால் முதலில் கன்சோலைத் திறந்து பாருங்கள். லைப்ரரி இரண்டு முறை ஏறியிருந்தால் த்ரீ.ஜேஎஸ் அங்கே எச்சரிக்கும். அதை ஒன்றாக்கிவிட்டு மற்றதைப் பாருங்கள்.