ரியாக்டா வியூவா என்று ஒரு சண்டை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, காலை நிகழ்ச்சியை முடித்த கையோடு தாசேக் கெலுகோரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். பட்டர்வொர்த்தில் கொமுட்டர் ரயில் ஏறினால், புக்கிட் மெர்தாஜமுக்கு அடுத்த நிறுத்தம். வாசலில் ஐந்து ஜோடிக் காலணிகள், உள்ளே ஒரே சத்தம். கடன் விவகாரமோ என்று பயந்துதான் போனேன். விசாரித்தால், "ரியாக்டா வியூவான்னு முடிவு பண்ண முடியலக்கா" என்கிறான் சித்தி மகன்.

அவனும் நண்பர்களும் இரண்டு வருடமாக ஒரு வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறார்கள். இருட்டு விலகும் முன் பால் வெட்டப் போனது, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டது, சம்பள நாள், தீமிதி. ஒலிவாங்கியை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று சொல்லிக் கொடுத்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. இப்போது அதையெல்லாம் யாரும் தேடிக் கேட்கும்படி ஓர் இணையப் பக்கம் கட்ட வேண்டும். அதன் நிரலைத் திறந்த மூலமாக வைத்துவிட்டால், நாளை சுங்கை சிப்புட்டிலோ கோல சிலாங்கூரிலோ யாராவது எடுத்துத் தங்கள் தோட்டத்துக்குப் பயன்படுத்தலாம்.

பட்டியல் விரிவது, தட்டத் தட்டத் தேடல் முடிவு வருவது போன்றவற்றைச் செய்வது ஜாவாஸ்கிரிப்ட் மொழி. எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதாமல், தூணும் கூரையும் தயாராக வாங்கி நாம் சுவர் மட்டும் எழுப்புவது போன்றதுதான் ஃபிரேம்வொர்க். ரியாக்டும் வியூவும் அந்த வகை.

"ஊரே எதை எடுக்குதோ அதை எடுங்கடா" என்றேன். ரேடியோக்காரி புத்தி! அப்படிப் பார்த்தால் ரியாக்ட்தான். ஃபேஸ்புக் 2013-ல் வெளியிட்டது. வேலை தேடும் பிள்ளைகளும் அதைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் அதிகம் பேசாத ஒரு பெண், 2017-ல் நடந்ததைச் சொன்னாள். அன்றைக்கு ரியாக்டின் உரிமத்தோடு ஒரு காப்புரிமை நிபந்தனை ஒட்டியிருந்தது. ஃபேஸ்புக் மீது காப்புரிமை வழக்குப் போட்டால், அந்த நிபந்தனையின்படி கிடைத்த உரிமை போய்விடும். அப்பாச்சி அறக்கட்டளை ஜூலையில் தன் திட்டங்களில் அந்த உரிமத்துக்குத் தடை போட்டது. செப்டம்பரில், வேர்ட்பிரஸ் தன் புதிய எழுதுபலகைக்கு ரியாக்டைக் கைவிடப் போவதாக மேட் முல்லன்வெக் அறிவித்தார். ஒரு வாரம்கூட ஆகியிருக்குமோ என்னவோ, அந்த நிபந்தனையை எடுத்துவிட்டு எம்ஐடி என்ற எளிய உரிமத்துக்கு மாறுவதாக ஃபேஸ்புக் சொல்லிவிட்டது. வேர்ட்பிரஸ் கடைசியில் ரியாக்டோடேயே இருந்து, 2018 டிசம்பரில் அதை வெளியிட்டது. இன்று அந்தப் பயம் இல்லை. ஆனாலும் கூரை யாருடையது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது தப்பில்லையே.

எனக்கு இன்னும் பிடித்தது விக்கிப்பீடியாவின் கதை. நம் தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட மொழிகளின் விக்கிப்பீடியாக்கள் ஒரே மென்பொருளில், மீடியாவிக்கியில், ஓடுகின்றன. அதற்கு ரியாக்டா வியூவா என்று பொதுவெளியிலேயே விவாதித்து, 2020 மார்ச்சில் வியூவை எடுத்தார்கள். வியூ, கூகுளில் வேலை பார்த்த எவான் யூ 2014-ல் வெளியிட்டது. பெரிய நிறுவனம் எதற்கும் சொந்தமில்லை, ஆதரவாளர்கள் தரும் பணத்தில் நடக்கிறது. அதைவிட முக்கியம், வியூவில் எழுதுவது சாதாரண எச்டிஎம்எல் போலவே இருக்கும். விக்கியில் சின்னச் சின்னக் கருவிகள் எழுதுவோர் பெரும்பாலும் தன்னார்வலர்கள். நிரலைத் தயார் செய்யவே பத்து மென்பொருள் நிறுவச் சொன்னால் அவர்களில் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். வியூ கோப்புகளை மீடியாவிக்கி தானே பிரித்துப் படித்துக்கொள்ளும்படி அமைத்தார்கள்.

அதற்காக அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். முடிவெடுத்த ஆறே மாதத்தில் வியூவின் மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2023 கடைசியோடு முடிந்தது. நடுவில் எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியிருந்தது. கூகுளின் பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸை நம்பியவர்களுக்கு இன்னும் மோசம். புதிய ஆங்குலர் கிட்டத்தட்ட வேறு பொருள். பழையதற்கு 2021 டிசம்பரோடு விடை கொடுத்தார்கள்.

சித்தி தேநீர் கொண்டுவந்து வைத்தார். தம்பி கேட்டான், "நாங்க அஞ்சு பேரும் சிங்கப்பூர் போயிட்டா இதை யாருக்கா பார்ப்பாங்க?" கேட்டவனே சிரித்தான், ஆனால் அது சிரிப்புக்கான கேள்வி இல்லை. ஐவரில் ஒருவனுக்கு அங்கே வேலை கிடைத்தாயிற்று. இன்னொருத்தி நேர்காணலுக்குப் போகிறாள். இடைநிலைப் பள்ளியில் எச்டிஎம்எல் மட்டும் தெரிந்த ஒரு மாணவன் வந்து கை வைக்க முடிய வேண்டும். வியூ என்று முடிவானது.

முதல் மாதிரி இரண்டு வாரத்தில் தயாராகிவிட்டது. ஆங்கிலத்தில் "எஸ்டேட்" என்று தட்டினால் எழுத்துக்கு எழுத்து முடிவு வருகிறது. மலாயிலும் வருகிறது. பாட்டியின் கைத்தொலைபேசியில் "தோட்டம்" என்று தட்டினால் ஒன்றுமே வரவில்லை. பாட்டி கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார். இடைவெளி விட்டால்தான் பட்டியல் வருகிறது. "உங்க பெட்டிக்குத் தமிழ் தெரியாது போல" என்றார்.

தப்பு எங்களுடையதுதான். கைத்தொலைபேசியில் தமிழ் தட்டும்போது விசைப்பலகை சொல்லை முடிக்கும்வரை ஒரு நிலுவையில் வைத்திருக்கும். வியூவில் "வி-மாடல்" என்ற வசதி அந்த நிலுவை முடியும்வரை காத்திருக்கும். சீனம், ஜப்பான், கொரிய மொழிகளைச் சொல்லி அவர்கள் ஆவணத்திலேயே இதை எழுதியிருக்கிறார்கள், வேண்டாமென்றால் என்ன செய்வது என்றும் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்துவிட்டு ஆவணத்தைப் படிக்காமல் விட்டோம். திருத்த இரண்டு வரி போதுமாக இருந்தது.

இன்னொன்று அவ்வளவு எளிதாகப் போகவில்லை. "முனியம்மா-க்கு நன்றி" என்று பக்கம் காட்டியது. பெயரோடு "க்கு" ஒட்டும்படி எழுதியிருந்தான் தம்பி. ஆங்கிலத்தில் பெயருக்கு முன் ஒரு சொல்லைப் போட்டால் முடிந்தது கதை. நமக்கு முனியம்மாவுக்கு, முருகனுக்கு, செல்விக்கு என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக வளையும். எந்த ஃபிரேம்வொர்க்கும் இதைச் செய்து தராது. கடைசியில் "நன்றி: முனியம்மா" என்று வாக்கியத்தையே மாற்றிவிட்டார்கள். ஒலிபரப்பில் நேயர் பெயர் வாசிக்கும்போது நானும் இந்தத் தந்திரத்தைச் செய்வதுண்டு.

போன வாரம் சிங்கப்பூர் போகிறவனின் பொறுப்பை ஒரு படிவம் ஐந்து மாணவி எடுத்துக்கொண்டாள். நிறுவும் முறையைத் தமிழிலும் மலாயிலும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மலாயில் முடித்துவிட்டார்கள். தமிழில் எழுத என்னைப் பிடித்திருக்கிறார்கள்.